அமுக்கக் கூடாத கால்

இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் அது வேறு கதை. அதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது. ஒரு கால் மட்டும், அதுவும் நெடுநாள் படுத்துக் கிடந்து எழுந்த பிறகு, கெண்டைச் சதை கல்லாக இறுகி வீங்கினால், தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். எண்ணெய் போட்டு உருவாதீர்கள். அன்பாக யாராவது வந்து அமுக்கிவிடுகிறேன் என்றால் அவர்களைத் தள்ளி உட்கார வையுங்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் என் புலம்பல். புலம்பல் பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் ஆவடிக்குப் பக்கத்துச் சேக்காட்டுக்காரன். பயிர் வைக்கிற குடும்பம். எனக்கு மட்டும் சேற்றில் இறங்கினால் காலெல்லாம் சிரங்கு வந்துவிடும். அதனால் அப்பா என்னைப் பூந்தமல்லியில் ஒரு தையல் கடையில் கொண்டுபோய் விட்டார். பக்கத்துப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படிக்கவும் வைத்தார். காலைக் காப்பாற்றிக்கொள்ளத் தையலுக்கு வந்தவன் நான். கடைசியில் காலாலேயே தையலை விட்டேன் என்று யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைக்கிறேன்.

யுத்தம் வந்ததும் ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியது. கூடாரம், கொசுவலை, காக்கிச் சட்டை என்று அவர்களுக்குத் தைத்துத் தர ஒரு கண்டிராக்டர் தகர ஷெட் போட்டு வரிசையாக மிஷின்களை வைத்தார். அங்கே மேஸ்திரியாக இருந்தவர் காதர் பாய். அவர்தான் என்னைக் கூப்பிட்டு ஒரு மிஷினில் உட்கார வைத்தார். கூடாரத் துணி லேசில் ஓடாது. தொடைமேல் பாறையைத் தூக்கி வைத்தாற்போல் கனக்கும். காலை முதல் விளக்கு வைக்கும் வரை மிதி மிதி என்று மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியாது.

அப்போது கன்னியம்மா என் கால்மாட்டில் வந்து உட்காருவாள். என் மனைவி, தாய்மாமன் மகள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் அதிகம் பேசுகிறவளும் இல்லை. அவள் பேச்செல்லாம் கையில்தான். பாதத்தில் ஆரம்பித்து முழங்கால் வரைக்கும் பிடித்துவிடுவாள். பகலில் சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் சாயங்காலம் வந்து காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அத்தோடு சண்டை தீர்ந்தது என்று அர்த்தம். நானும் வாய் திறக்க மாட்டேன். கல்யாணமான நாள் முதல் எங்கள் வீட்டில் சமாதானம் இப்படித்தான் நடந்தது.

நோய் வந்தது ஷெட்டில் இல்லை. முதலில் டைபாய்டு ஜுரம் வந்தது. வாரக்கணக்காக வீட்டில் கிழித்துப் போட்ட துணியாகக் கிடந்தேன். கஞ்சித் தண்ணீரும் வெந்நீரும்தான் ஆகாரம். புரண்டு படுக்கக்கூடத் தெம்பில்லை. ஒருவழியாக ஜுரம் விட்டது, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிழைத்தேன் என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு ஒரே நினைப்புதான். எப்போது ஷெட்டுக்குப் போவோம், நம் மிஷினில் வேறு எவனாவது உட்கார்ந்துவிடப் போகிறானே என்று.

அந்த நேரத்தில் இடது கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்தது. சதை பிடித்துக்கொண்ட குறக்களி என்று நினைத்தேன். இரண்டொரு நாளில் பாதம் முதல் தொடை வரைக்கும் வெளுத்து, பளபளவென்று வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

எங்கள் பக்கத்தில் ஒரு கால் வீங்கினால் யாரும் வைத்தியரைக் கேட்பதில்லை. பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். தெருவுக்கு ஒருவர் அந்தக் காலோடு இருக்கிறார்கள். எதிர் வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"யானக்கால்தான்பா. ஆரம்பத்துலயே எண்ணெ போட்டு உருவி உட்டா மேல ஏறாது. உட்டுட்டா அவ்ளோதான்."

கன்னியம்மா உள்ளே போய் எண்ணெயைச் சுட வைத்துக் கொண்டுவந்தாள். நான், "தொட்டாலே நோவுது புள்ளே" என்றேன்.

"கம்னு இரு மாமா. நோவத்தான் செய்யும். இந்தக் கால் போச்சின்னா மிஷினு யாரு மிதிக்கிறது?"

அன்று முதல் தினமும் உருவினாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். அவள் நெற்றியில் வேர்வை வழியும். முதலில் பயங்கரமாக வலிக்கும், பிறகு கொஞ்சம் இதமாக இருக்கும். மெதுவாக வீக்கம் வடிவதுபோலவும் இருந்தது. அவளுக்கு முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. தன் கையால் என் காலைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் வழக்கத்தைவிட அதிகமாக உருவினாள். மறுநாள் காலையில் கொல்லைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வலது பக்கம் நெஞ்சில் கத்தியைச் சொருகியதுபோல் ஒரு வலி. மூச்சை இழுக்க முடியவில்லை. இழுத்தால் அந்தக் கத்தி இன்னும் உள்ளே போகிறது. அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். இருமல் வந்தது. துண்டில் பார்த்தால் ரத்தம்.

ரத்தம் துப்பினால் எங்கள் ஊருக்கு இன்னொரு பெயர்தான் தெரியும். அதைச் சொல்லவே வாய் கூசுவார்கள். நேற்று யானைக்கால் என்ற எதிர் வீட்டுக்காரர் இன்று தன் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கன்னியம்மாவின் அண்ணன் ஏழுமலை வண்டி வைத்திருக்கிறான். வைக்கோலைப் பரப்பி என்னைப் படுக்கவைத்து, கன்னியம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஆவடி ஸ்டேஷனுக்கு ஓட்டினான். வழி முழுக்க மாட்டைத் திட்டிக்கொண்டே வந்தான். அந்த மாட்டை அவன் திட்டி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ரயிலில் என் வாயருகே இருந்த துண்டைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஏழுமலை என் தலையைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

"பாத்தியா மச்சான், முழு பெஞ்சும் நமக்குத்தான். தொர கணக்கா வர்றோம்," என்றான்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் காத்திருந்ததை எழுதினால் தனியாக ஒரு புத்தகம் ஆகிவிடும். கல்தளத்தில் எத்தனையோ பேர் உட்கார்ந்தும் படுத்தும் கிடந்தார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஒவ்வொருவர் கண்ணும் உள்ளே போகும் கதவின்மேல். நான் இருமும்போதெல்லாம் என்னைச் சுற்றி இடம் பெரிதாகிக்கொண்டே போனது. செலவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதை நினைத்தால் நெஞ்சுவலி திரும்ப வந்துவிடும்.

முதலில் என்னை வராந்தாவின் கோடியில் ஒதுக்குப்புறமாகப் போட்டார்கள். காச நோயாக இருந்தால் மற்றவர்களுக்கு ஒட்டும் என்று. சளியை எடுத்துப் பரிசோதித்தார்கள், எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். அந்த இருட்டறையில் குளிர்ந்த தகட்டின்மேல் நெஞ்சை ஒட்டிவைத்து மூச்சைப் பிடி என்றார்கள். எனக்குப் பிடிக்க மூச்சே இல்லை. காச நோய்க் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகு பெரிய டாக்டர் வந்தார். வழுக்கைத் தலை, மெல்லிய குரல். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டவர், ஏதோ தோன்றியதுபோல் போர்வையைக் காலிலிருந்து விலக்கினார். அதுவரைக்கும் யாரும் என் காலைப் பார்க்கவில்லை. நானும் நெஞ்சு வலிக்கும்போது காலைப் பற்றி எதற்குச் சொல்வது என்று சொல்லவில்லை.

நர்ஸம்மாவிடம் டேப் வாங்கி இரண்டு கெண்டைக்காலையும் மாற்றி மாற்றி அளந்தார். ஊரையெல்லாம் அளந்தவன் நான். என் உடம்பில் டேப் பட்டது அன்றுதான். இடது கால் எவ்வளவோ பருத்திருந்தது.

"இந்தக் கால் எப்போ வீங்கிச்சு?"

ஜுரத்தைச் சொன்னேன், படுத்துக் கிடந்ததைச் சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "காலை யாராவது அமுக்கிவிட்டாங்களா?" என்றார்.

கன்னியம்மா தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பெரிய மனிதர்கள் முன்னால் வராதவள், அப்போது தானாகவே முன்னால் வந்தாள்.

"நாந்தாங்க சாமி. ஒரு நாளு உடலை. எண்ணெ காய்ச்சி, பாதத்துலேர்ந்து தொடை வரிக்கும் உருவி உருவி உட்டேன். நெஞ்சு நோவு வந்த மொத நாளுகூட."

நல்ல காரியம் செய்தாய் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்து நின்றாள். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

டாக்டர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பொறுமையாக, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வதுபோல் சொன்னார். உடம்பில் ரத்தம் காலுக்கு இறங்கிவர ஒரு குழாய், திரும்ப மேலே ஏற ஒரு குழாய். மேலே ஏறும் குழாய் சதைக்கு அடியில் ஆழத்தில் ஓடுகிறது. நடக்கும்போது சதை அதைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஜுரத்தில் அசையாமல் கிடந்தால் ரத்தம் அங்கேயே தேங்கி, பால் தயிராக உறைவதுபோல் உறைந்துவிடும். அதுதான் வீக்கம். அதற்கு திராம்போஸிஸ் என்று பெயர். யானைக்கால் இல்லை. உறைந்த கட்டியை அமுக்கினாலும் உருவினாலும் ஒரு துண்டு பிய்ந்து, தொடை, வயிறு, இருதயம் என்று ரத்தத்தோடு போய் நுரையீரலில் அடைத்துக்கொள்ளும். சின்னத் துண்டாக இருந்தால் வலியும் ரத்தமும். பெரிய துண்டாக இருந்தால் அந்த இடத்திலேயே உயிர் போய்விடும்.

"உன் புருஷனுக்குப் போனது சின்னத் துண்டு. இன்னும் கால்ல கட்டி இருக்கு. இனிமே நீ இந்தக் கால்ல கை வைச்சா அவன் உனக்கு இல்லை. புரியுதா?"

"புரியுதுங்க" என்றாள். கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

இதை என்னிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாம். அவளிடம், காலைத் தொடாதே என்பதோடு நிறுத்தியிருக்கலாம். சொன்னது உண்மைதான், அந்த உண்மையால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். ஆனாலும் அந்த மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. நன்றியும் இருக்கிறது. கோபம் கொஞ்சம் அதிகம்.

வைத்தியம் என்பது பெரும்பாலும் அசையாமல் கிடப்பதுதான். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் அடுக்கி உயர்த்தினார்கள். காலில் மருந்து தடவி, பஞ்சு வைத்துத் துணியைச் சுற்றி, இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தார்கள். எழுந்திருக்கக் கூடாது, முக்கக் கூடாது, பலமாக இருமக்கூடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி மருந்து ஒன்று சீமையில் இருக்கிறதாம். டாக்டரே சொன்னார். யுத்தத்தில் கப்பல் வருவது குறைந்துபோனதால் இங்கே கிடைக்காதாம். யுத்தத்துக்குத்தான் நான் கூடாரம் தைத்தேன். அந்தக் கூடாரங்கள் எல்லாம் எந்தக் கப்பலில் போயினவோ.

எது நோவு என்று கேட்டால் வலியைச் சொல்ல மாட்டேன். பயம்தான். எனக்குள்ளே ஒரு கட்டி உட்கார்ந்திருக்கிறது, அது எப்போது கிளம்பும் என்று எனக்கே தெரியாது. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். கண் அயர்ந்தால் தூக்கத்தில் காலை அசைத்துவிடுவேனோ என்று திடுக்கிட்டு விழிப்பேன். அப்படி விழிக்கும்போதெல்லாம் கன்னியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். விசிறியால் வீசுவாள். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவாள். உடம்பு துடைக்க மட்டும் வார்டு ஆயாவைக் கெஞ்சிக் கூட்டிவருவாள்.

"நீயே தொடச்சி உடேன். இடது கால்தானே தொடக் கூடாது?" என்றேன்.

"எனுக்கு ஒண்ணும் தெரியாது மாமா. ஆயாவே செய்யட்டும்."

"நெத்தியில கை வையேன். ஜுரம் கீதான்னு பாரு."

அதற்கும் நர்ஸம்மாவைத்தான் கூப்பிட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் ஞானமுத்து என்று ஒருவர். வேப்பம்பட்டு ரயில்வே கேட்டில் வேலை பார்ப்பவர். குடலிறக்கத்துக்கு அறுத்துத் தைத்திருந்தார்கள். வலிக்கும்போதெல்லாம் ஆண்டவரே ஆண்டவரே என்பார், வலி நின்றதும் வார்டு சாப்பாட்டைக் கேலி செய்ய ஆரம்பித்துவிடுவார். அவருடைய பெண் ஒருநாள் பார்க்க வந்தாள். அப்பா கால் சில்லென்று இருக்கிறதே என்று பாதத்தைப் பிடித்து மெல்ல அமுக்கிவிட ஆரம்பித்தாள். நல்ல பெண், பேசிக்கொண்டே அமுக்கினாள்.

"தொடாதேடி!"

வார்டே திரும்பிப் பார்த்தது. கன்னியம்மா எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். "தொடாதே! கைய எடு! கொன்னுடுவே! உங்கப்பனை நீயே கொன்னுடுவே!"

அந்தப் பெண் அலறிப் பின்வாங்கினாள். நர்ஸம்மா ஓடிவந்து, சத்தம் போட்டால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று கன்னியம்மாவைத் திட்டினாள். ஞானமுத்துதான், "உடுங்க நர்ஸம்மா. பாவம், அதுக்கு வேற வலி" என்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக ஆகித் தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். கன்னியம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கடைசியில் என்னையும் உட்கார வைத்தார்கள், நிற்க வைத்தார்கள், கட்டிலைச் சுற்றி நடக்க வைத்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்ற அன்று டாக்டர் சொன்னதெல்லாம் மனப்பாடமாக இருக்கிறது. படுக்கையை விட்டு இறங்குமுன் விரல் முதல் முழங்கால் வரைக்கும் துணிப்பட்டையை இறுக்கிச் சுற்ற வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். உட்கார்ந்தால் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தொங்கவிட்டு நெடுநேரம் உட்காரவே கூடாது.

"நான் தையல்காரனுங்க. மிஷின் மிதிக்கலாமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற வேலை ஏதாவது தெரியுமா?" என்றார்.

அதுதான் பதில். எனக்குத் தெரியாதா என்ன? இருந்தும் திரும்பி வரும்போது ரயிலில் ஏழுமலையிடம், "அடுத்த மாசம் ஷெட்டுக்குப் போயிடுவேன்" என்றேன். அவனும், "போவாம? ராஜா மாதிரி போவே மச்சான்" என்றான்.

வீட்டில் காலுக்குப் பட்டை சுற்றுவது நானேதான். துணி சுற்றத் தெரிந்தவன்தானே. கன்னியம்மா பட்டையைத் துவைத்து உலர்த்தி, சுருட்டி, என் பக்கத்தில் வைப்பாள். காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டுமென்றால் தலையணையின் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தள்ளுவாள், விரல் படாமல். சாயங்காலம் அந்த நேரம் வரும். அவள் அடுப்படியில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுவாள்.

கால் நடக்கும் அளவுக்கு வந்ததும் ஷெட்டுக்குப் போனேன். காதர் பாய் என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"இன்னா நைனா, பாதி ஆளா வந்துகீறே! போ, போயி உன் மிஷின்ல குந்து. எவனையும் அதுல குந்த உடலை நானு."

உண்மைதான். என் மிஷின்மேல் ஒரு சாக்குத் துணி போர்த்திக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு, எண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றினேன். மிதித்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. துணியைக் குனிந்து பார்ப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன். முதல் கூடாரத் துண்டு முடிவதற்குள் கால் கனக்க ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் பட்டை சதையில் அறுத்துக்கொண்டு இறங்கியது. அதற்கு மேல் மிதிக்கப் பார்த்தேன். தோல் கருத்து, வெடித்துவிடும்போல் இருந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்தேன். வலியா, பயமா என்று எனக்கே தெரியவில்லை.

காதர் பாய் ஓரமாக ஒரு கோரைப்பாயை விரித்து, காலை நீட்டிக்கொள்ள ஒரு பெட்டியைக் கொண்டுவந்து போட்டு, கூடாரத்தின் ஓட்டைகளில் கயிறு கோக்கும் வேலையைக் கொடுத்தார். பொம்பளைகளும் கிழவர்களும் செய்கிற வேலை. தினமும் போய்க் கோத்தேன். பட்டையைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் காதோடு காதாகப் பேசிக்கொள்வார்கள். யானைக்கால் என்று. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் எனக்குத் தனியாக ஒரு குவளை வந்து சேர்ந்தது. யார் வைத்தார்கள் என்று கேட்கவில்லை. அது ஒட்டுகிற நோய் இல்லை, எனக்கு அந்த நோயும் இல்லை. யாரிடம் சொல்வது?

யுத்தம் முடிந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். கூடாரம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஷெட்டில் ஆட்களைக் கழிக்கும்போது கயிறு கோப்பவர்கள்தான் முதலில் போனார்கள். பாய் என்னைத் தனியே கூப்பிட்டு, "மனசுல வெச்சிக்காதே அண்ணாத்தே" என்றார். அப்புறம் ஷெட்டையே இழுத்து மூடியபோது என் மிஷினை ஒரு வண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். நல்ல மனிதர். அவருக்கு என்ன தெரியும், அந்த மிஷினைப் பார்த்துப் பார்த்து நான் சாக வேண்டும் என்று.

சில நாள் அது மூலையில் கிடந்தது. ஒருநாள் கன்னியம்மா அதை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து புடவையைச் செருகிக்கொண்டு மிதிமேல் கால் வைத்தாள்.

"நீ வெட்டிக் குடு மாமா. நான் மிதிக்கிறேன்."

"உனக்கு இன்னா தெரியும்?"

"தெரியலைன்னா சொல்லிக் குடு. கை தூரமா வெச்சிகினே சொல்லிக் குடு."

முதலில் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்தது. ஊசிகள் உடைந்தன. நான் கத்துவேன், அவள் மறுபடி நூலைக் கோப்பாள். இப்போது அவள் தையல் என்னுடையதைவிட நேராக இருக்கிறது. ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டை என்று சேக்காட்டில் பாதி வீடு எங்களிடம்தான் வருகிறது. நான் பாயில் காலை நீட்டித் தலையணைமேல் வைத்துக்கொண்டு அளக்கிறேன், வெட்டுகிறேன். வேலைக்குத் திரும்பிவிட்டாயா என்று கேட்கிறவர்களிடம் ஆமாம் என்கிறேன். பொண்டாட்டியை மிதிக்க விட்டுவிட்டுக் குந்திகினு கீறான் என்று அவர்களே அந்தப் பக்கம் போய்ச் சொல்வதும் காதில் விழுகிறது. அவர்கள் சொல்வதில் பொய் இல்லை.

நேற்று விளக்கு வைக்கும் நேரம். ஒரு கல்யாண வீட்டுத் துணி; நாள் முழுக்க மிதித்திருந்தாள். எழுந்தவள் ஒரு கணம் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். அந்த வலி எனக்குத் தெரியும். அது எப்படி இருக்கும், எந்த இடத்தில் பிடித்தால் விடும் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஊரில் எந்த ஆம்பளையும் செய்யாத காரியம்தான். கதவைச் சாத்திவிட்டு நகர்ந்து போய் அவள் காலுக்குக் கை நீட்டினேன்.

காலை வெடுக்கென்று மடக்கிக்கொண்டாள்.

"வேணாம் மாமா."

"எனுக்கு வந்தது உனுக்கு வர்லடி. ஒரு கால் வீங்கினாத்தான் அது. உனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கீது. வேணும்னா அளந்தே காட்றேன்."

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தேன். அதற்கு மட்டும் காலை நீட்டினாள். இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். டேப்தான் பட்டது, என் விரல் படாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டும் ஒரே அளவு. விளக்குக்குப் பக்கத்தில் பிடித்து அவளுக்குக் காட்டினேன்.

பார்த்தாள். "தெரியும் மாமா" என்றாள். "அப்பவும் வேணாம்."

புடவையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, உலை வைக்க உள்ளே போனாள். நான் டேப்பைச் சுருட்டி வைத்தேன்.